அநுராதபுரத்தில் நொக்ஸ் கேட்ட மொழி

ஓர் இராச்சியத்தின் எல்லையை ஆறும் மலையும் காவலரணும் காட்டிநிற்கும். மொழியின் எல்லைக்கோ அத்தகைய அடையாளம் யாதும் இல்லை. வழிப்போக்கன் ஒருவன் வாய்திறந்து பேச, எதிரே நிற்பவன் விளங்காது விழிக்கும்போதே அவ்வெல்லை புலப்படும். 1679 ஆம் ஆண்டு அநுராதபுரத்தில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயன் அவ்வாறானதோர் எல்லையை வந்தடைந்தான்.

புயலினாற் பாய்மரம் இழந்த கப்பலைச் செப்பனிடும்பொருட்டுக் கொட்டியாரத் துறையிற் கரையிறங்கிய மாலுமிகளை 1660 ஆம் ஆண்டிற் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். கப்பற்றலைவனின் மகனாகிய நொக்சுக்கு அப்போது வயது 19. அடுத்த ஆண்டு தந்தை காய்ச்சலால் இறந்தார். மலைநாட்டுக் கிராமங்களிலே தங்கவைக்கப்பட்ட மகன் தொப்பி பின்னி விற்றான். நெல்லைக் கடனாகக் கொடுத்து வாங்கினான். சிங்களத்தைத் தன் சொந்த மொழிபோலப் பேசப் பழகினான். புகையிலை, மிளகு, உள்ளி, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்து வடக்கே வியாபாரஞ் செய்யச் சென்றதும் உண்டு. அந்த வியாபாரம் பிழைப்புக்கு மட்டும் உரியதன்று. தப்பிச் செல்லும் வழியை அறிதற்கும் அதுவே போர்வையாயிற்று.

1679 செத்தெம்பர் 22 ஆம் நாள் நொக்சும் அவன் தோழன் ஸ்டீபன் றட்லண்டும் இறுதிப் பயணத்தைத் தொடங்கினர். இடைவழியில் ஓர் ஊர் அதிகாரி அவர்களைக் கண்டு வினவினான். உலர்ந்த இறைச்சி வாங்க வந்ததாக இருவரும் கூறினர். தமக்கு மான் சுட்டுத் தரும்படி அவனிடம் சிறிது வெடிமருந்தைக் கொடுத்து, தாம் அநுராதபுரம் சென்று மீள்வதாகச் சொல்லி அகன்றனர். ஆபத்தான அவ்விடத்தில் அவர்களைக் காத்தது அவர்தம் சரளமான சிங்களமே.

அநுராதபுரத்தை அடைந்ததும் அத்துணை பயன்படாது போயிற்று. அங்கிருந்தோர் அவர்களைக் கண்டு வியந்து நின்றனர். அவர்கள் பேசிய சிங்களம் அம்மக்களுக்கு விளங்கவில்லை. கண்டி மன்னனின் குடிகளேயாயினும் இவர்கள் ‘மலபாரிகள்’ என நொக்ஸ் எழுதுகின்றான். அக்காலத்து ஐரோப்பியர் தமிழரைக் குறிக்க வழங்கிய பெயர் அதுவே. சிங்களம் அறிந்த ஒருவன் வந்து சேரும்வரை இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றனர்.

வந்தவன், “எங்கிருந்து வருகின்றீர்கள்?” என்று கேட்டான். மலைநாட்டிலிருந்து என்ற மறுமொழியை எவரும் நம்பவில்லை. மன்னாரிலுள்ள ஒல்லாந்தரிடமிருந்து வந்தவர்கள் என்றே ஐயுற்று, இருவரையும் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவனுக்கும் சிங்களம் தெரியாது; மொழிபெயர்ப்பாளன் ஒருவன் வாயிலாகவே வினவினான். எந்தப் பகுதிக்கு யார் அதிகாரி? அரசன் அண்மையில் ஒறுத்த பிரபுக்கள் என்ன ஆயினர்? அரண்மனையிற் குடிகள் என்ன வேலை செய்கின்றனர்? 19 ஆண்டுகள் அந்நாட்டில் வாழ்ந்தவனுக்கு இவ்வினாக்கள் கடினமானவையல்ல. மறுமொழிகளாற் தலைவனின் ஐயம் தீர்ந்தது.

யாழ்ப்பாணம் செல்லும் பெருவழி காவல் மிக்கது என அறிந்த இருவரும், திரும்பிச் செல்வதாகக் காட்டிக்கொண்டு காட்டினுட் புகுந்து, மல்வத்து ஓயாவின் கரையைப் பற்றி நடந்தனர். ஓரிடத்தில் ஆற்றுக்கு வந்த ஆண், பெண், குழந்தைகளின் குரல் கேட்டு, சேறு நிறைந்த மரப்பொந்தொன்றில் ஒளிந்திருந்தனர். வன்னி மக்களிடையேயும் அச்சம் நீங்கவில்லை. வன்னித் தலைவன் ஒல்லாந்தருக்குத் திறை செலுத்தினாலும், கண்டி மன்னனிடமே பற்றுடையவன் என நொக்ஸ் அறிந்திருந்தான். ஒக்தோபர் 18 ஆம் நாள் அவர்கள் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். நொக்ஸ் எழுதிய நூல் 1681 ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது.

அநுராதபுரத்தைப் பற்றி அவன் கூறுவது ஒரு சிறு பகுதியே. அம்மக்கள் அங்கே எக்காலத்திற் குடியேறினர், எவ்வளவு தூரம் பரவியிருந்தனர் என்பவற்றை அது கூறவில்லை. ஆதலின் அதனைக்கொண்டு பெரிய வழக்குகளைத் தீர்க்க முற்படுதல் தகாது. ஆயினும் ஒன்று தெளிவு. கண்டி மன்னனுக்கு அடங்கிய ஊரொன்றிலே சிங்களம் அறியாத தமிழ்த் தலைவன் ஒருவன் ஆட்சி செலுத்தினான். அதற்காக எவரும் அவனை அந்நியன் எனக் கருதவில்லை. அன்று அந்நியராக நின்றோர் ஆங்கிலேயர் இருவரே. இரு மொழியும் அறிந்த ஒருவன் அவ்வூரில் இருந்தமையாலேயே அவர்தம் சொல் தலைவன் செவிக்கு எட்டியது. அவனுடைய பெயரை நொக்ஸ் குறித்து வைக்கவில்லை.