எண்களைச் சொல்லிச் செதுக்கிய கதை

சி.என்.சி. ரூட்டரில் முப்பரிமாண உருவம் செதுக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் இந்த வித்தை பிறந்தது கம்ப்யூட்டர் கம்பெனியில் இல்லை, ஹெலிகாப்டர் இறக்கை செய்த ஒரு பட்டறையில்!

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்று ஓர் ஊர். 1940களில் அங்கே ஜான் பார்சன்ஸ் என்பவர் (கல்லூரிப் பக்கம் போகாதவர்) சிகோர்ஸ்கி ஹெலிகாப்டர்களுக்கு இறக்கை செய்து வந்தார். இறக்கையின் குறுக்குவெட்டு வளைவுக்கு அவர்களிடம் இருந்தது வெறும் 17 புள்ளிகள். நடுவில் உள்ளதை ஆள்தான் கையால் வளைத்து இழுத்து டெம்ப்ளேட் வெட்ட வேண்டும்.

பார்சன்ஸிடம் வேலை பார்த்த பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், ஐ.பி.எம். துளை அட்டைக் கணிப்பான் மூலம் அதை 200 புள்ளிகளாக்கினார். பிறகு நடந்ததுதான் ரசமான விஷயம். ஒருவர் அட்டவணையைப் பார்த்து எண்களை வாசிப்பார். இன்னொருவர் நீளவாக்கில் நகர்த்துவார், மூன்றாமவர் அகலவாக்கில். கட்டர் கீழே இறங்கும். அடுத்த எண்! இன்று ஜி-கோடு செய்வதை அன்று மூன்று பேர் செய்திருக்கிறார்கள் :-)

1949ல் அமெரிக்க விமானப் படை பணம் கொடுத்தது. பார்சன்ஸ் எம்.ஐ.டி.யின் உதவியை நாடினார். புள்ளி புள்ளியாக இல்லாமல் தொடர்ச்சியாகவே கட்டரை ஓட்டலாம் என்றார்கள் அவர்கள். 1952 செப்டம்பரில் துளையிட்ட காகித நாடாவைப் படித்து ஓடும் மில்லிங் மெஷினைச் செய்தும் காட்டினார்கள். ஆனால் அதற்குள் திட்டமே எம்.ஐ.டி. கைக்குப் போய், யோசனைக்குச் சொந்தக்காரர் ஓரங்கட்டப்பட்டிருந்தார். காப்புரிமை பார்சன்ஸ், ஸ்டூலன் பெயரில் கிடைத்தது 1958ல்தான்.

அதே காலத்தில் இன்னொரு வழியும் இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஒரு முறை செய்யும் அசைவுகளை நாடாவில் பதிந்து, மெஷினைத் திரும்பச் செய்ய வைப்பது. அது எடுபடவில்லை. வேலையின் கட்டுப்பாட்டைத் தொழிலாளி கையிலிருந்து பிடுங்க நிர்வாகங்கள் விரும்பியதும் ஒரு காரணம் என்று டேவிட் நோபிள் 1984ல் ஒரு புத்தகமே எழுதினார். காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் எனக்கு இது ஆச்சரியமாக இல்லை. செலவுக் கணக்கில் 'திறமை' என்று தனியாக ஒரு வரி கிடையாதே.

ஆனாலும் அந்தத் திறமை முழுசாக ஒழியவில்லை என்றே நினைக்கிறேன். பார்சன்ஸ் பட்டறையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மேடு நிற்கும், அதை அரத்தால் ராவி எடுத்தார்கள். இன்றும் உருண்டை முனை கட்டர் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே மெல்லிய வரப்பு விட்டுப் போகிறது. இடைவெளியைக் குறைத்தால் வரப்பு குறையும், ஆனால் நேரம் ஏறும். எவ்வளவு விடுவது, எங்கே உப்புத்தாளை எடுப்பது என்பதை இன்றும் பழகுகிறவர் கைதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.