பதினேழு வயதும் மணிக்கு இருபது மைலும்

ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிசிலும் வாழும் புங்குடுதீவு அன்பர்கள் சிலர் ஒரே கேள்வியைப் பல தடவைகள் என்னிடம் கேட்டுவிட்டனர். "ஐயா, மகன் லைசென்ஸ் எடுத்துவிட்டான். நல்ல வலுவான காராக வேண்டுமென்று நிற்கிறான். வாங்கிக் கொடுக்கலாமோ?" யான் பொறியியலாளன் அல்லன், செய்தியாளன். பழைய ஏடுகளைப் புரட்டுவதே என் தொழிற்பழக்கம். ஆதலால் வரலாற்றின் வழியே இக்கேள்வியை அணுகிப் பார்க்கிறேன்.

முதலில், பதினேழு என்ற வயது எங்கிருந்து வந்தது? 1903ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1904 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. கார் ஓட்டுபவருக்குக் குறைந்தது 17 வயது என்று விதித்தது அச்சட்டமே. தேர்வு எதுவும் கிடையாது. ஐந்து ஷில்லிங் செலுத்தினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வரும். ஆனால் அதே சட்டம் வேகத்தின் உச்ச வரம்பை மணிக்கு 20 மைல் என்றும் வகுத்திருந்தது. அதாவது, பதினேழு வயதுப் பையன் ஒருவனை நம்பி ஒப்படைக்கலாம் எனச் சட்டமியற்றியோர் எண்ணியது 20 மைல் வேகத்தையே. 1930இல் கார்களுக்கான அந்த வேக வரம்பு நீக்கப்பட்டது. 1935 ஜூனிலேதான் ஓட்டுநர் தேர்வு கட்டாயமாயிற்று. வேகம் போயிற்று, தேர்வு வந்தது, வயது மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பிரித்தானியாவில் இன்றும் அது பதினேழுதான்.

இனி ஊருக்கு வருவோம். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக வேலணையை அடைந்து, அங்கிருந்து கடலை ஊடறுத்துச் செல்லும் வாணர் பாலத்தைக் கடந்தாற்றான் புங்குடுதீவு. அப்பாலும் சென்றால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேறும் குறிகட்டுவான் இறங்குதுறை. இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய வீதி. எதிரே பேருந்து வந்தால் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்திப் பொருள் ஈட்டிய தீவு வணிகர்கள் கார் வாங்கிய காலத்தில் யாழ்ப்பாணமெங்கும் ஓடியவை மொறிஸ் மைனரும், 'ஏ போட்டி' எனப்பட்ட ஒஸ்ரினும் போன்ற வண்டிகளே. 1956இல் வெளிவந்த மொறிஸ் மைனர் 1000இன் எஞ்சின் 948 கன சென்ரிமீற்றர்; வலு 37 குதிரை. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட ஏறத்தாழ அரை நிமிடம் பிடிக்கும். பையன் அவசரப்பட்டாலும் கார் அவசரப்படாது!

அக்காருக்கு முன்னரே ஒரு நீண்ட பயிற்சியும் இருந்தது. தகப்பனாரின் பெரிய சைக்கிளில் இருக்கையை எட்ட முடியாத வயதில், பாருக்குக் கீழே காலை நுழைத்து மிதித்துப் பழகுவோம். பின்னர் பாரின் மேல், பின்னர் இருக்கையில். அதன் பிறகே தம்பியையோ தங்கையையோ ஏற்ற அனுமதி கிடைக்கும். மழை, எதிர்க்காற்று, மணல், குறுக்கே பாயும் ஆடு யாவற்றையும் மணிக்குப் பத்து மைல் வேகத்திற் கண்டு தெளிந்த பின்னரே எவரும் எஞ்சினைத் தொட்டனர். இப்படிமுறையை எவரும் திட்டமிட்டு வகுக்கவில்லை. வறுமையும் மோசமான வீதியும் வலுக்குறைந்த எஞ்சினும் சேர்ந்து தாமாகவே அமைத்துக் கொடுத்தன. 1990இற்குப் பின் குடாநாட்டில் பெற்றோல் தடைப்பட்டபோது, துவக்கச் சில துளி பெற்றோலும் ஓட மண்ணெண்ணெயுமாக இதே பழைய கார்கள் புகை கக்கி ஊர்ந்ததை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள்.

1991இல் இராணுவம் தீவைக் கைப்பற்றியபோது மக்கள் பெருந்தொகையாக வெளியேறினர். அவர்களுள் பலர் பின்னர் கனடாவையும் சுவிற்சர்லாந்தையும் பிரான்சையும் சென்றடைந்தனர். ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கு சென்ற தந்தையரில் மிகப் பலர் முப்பது வயதை அண்மித்தபோதே முதன்முதலாக ஸ்ரேறிங்கைப் பிடித்தவர்கள். இரவு வேலை முடிந்து, பனியில், பழைய கொறோலாவை அச்சத்தோடு ஓட்டி வீடு திரும்பியவர்கள். பதினேழு வயதில் கார் ஓட்டுவது எத்தகைய மனநிலை என்பது அவர்கள் அனுபவித்தறியாத ஒன்று. மகனுக்கு வலுவான காரை வாங்கிக் கொடுக்கும்போது தம் உழைப்பின் பலனை அவன் கையில் வைப்பதாகவே கருதுகின்றனர். அந்த உணர்வை நான் எள்ளி நகையாட மாட்டேன். எனினும் கணக்கு வேறு. இன்று ஒன்ராறியோவில் விற்கும் சாதாரண இரண்டு லீற்றர் ஹொண்டா சிவிக்கின் வலுவே 150 குதிரை; மொறிஸ் மைனரைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அதனை 'வலுவான கார்' என்று எந்தப் பையனும் சொல்வதில்லை!

தீவில் இயல்பாக அமைந்திருந்த ஏணியை மேலைநாடுகள் சட்டத்தின் மூலம் செய்ய வேண்டியதாயிற்று. படிமுறை அனுமதிப்பத்திரத்தை 1987இல் முழுமையாக முதலில் நடைமுறைப்படுத்திய நாடு நியூசிலாந்து. ஒன்ராறியோவுக்கு அது 1994 ஏப்ரலில் வந்தது. ஜி1 நிலையில், நான்கு ஆண்டு அனுபவமுள்ள சாரதி அருகில் இருக்க வேண்டும். நள்ளிரவு முதல் காலை ஐந்து மணிவரை ஓட்டலாகாது. மது ஒரு துளியும் ஆகாது. ஜி2 பெற்ற பதின்ம வயதினர் முதல் ஆறு மாதங்களுக்கு அந்நள்ளிரவு வேளைகளில், குடும்பத்தினரைத் தவிர, 19 வயதுக்குட்பட்ட ஒருவரை மட்டுமே ஏற்றலாம் என்ற விதி 2005இற் சேர்க்கப்பட்டது. காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகை வெளியிட்ட ஆய்வின்படி, 16 வயதுச் சாரதி தனியே ஓட்டுவதை விட, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளோடு ஓட்டும்போது அவர் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்கு. நண்பர்களின் ஆரவாரமும் ஓர் எஞ்சின் போலும்.

ஆயினும் காரின் வலுவுக்கு ஒன்ராறியோவும் பிரித்தானியாவும் வரம்பு விதிக்கவில்லை. விதித்த இடங்கள் உள்ளன. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் 2005இல் புதிய சாரதிகளுக்கு வி8, ரேர்போ எஞ்சின்களைத் தடுத்தது. 2014இல் தொன் ஒன்றுக்கு 130 கிலோவாற் என்ற எல்லையை வைத்தது. இத்தாலி 2011இல் முதலாண்டுச் சாரதிக்குத் தொன்னுக்கு 55 கிலோவாற் என்றது. 2024 இறுதியில் அதை 75 ஆகத் தளர்த்தி, காலத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டியது. கணக்குப் பார்த்தேன்: நமது மொறிஸ் மைனர் 36 அளவில் நிற்கிறது. இத்தாலியின் பழைய கடுஞ்சட்டத்திலும் அது தேறியிருக்கும்.

வரம்பு எதுவுமின்றிக் கொடுத்தால் என்ன நிகழும் என்பதற்கு 2024 மே 19ஆந் திகதி அதிகாலை இந்தியாவின் புனே நகரில் நடந்ததே போதும். பதினேழு வயது சிறுவன் ஓட்டியதாகக் கூறப்படும் பதிவு செய்யப்படாத போர்ஷே மின்காரொன்று மோட்டார் சைக்கிளை மோதியதில் இளம் பொறியியலாளர் இருவர் மாண்டனர். முந்நூறு சொற்களில் கட்டுரை எழுதுமாறு விதித்துப் பிணை வழங்கப்பட்டமை நாடெங்கும் கொதிப்பை உண்டாக்கியது. சிறுவன் ஓட்டும் குற்றத்துக்குப் பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறை என்னும் பிரிவு 2019 திருத்தத்தின் மூலம் ஏற்கெனவே அங்கு சட்டத்தில் இருந்தது. சட்டம் இருந்தும் திறப்பு அவன் கைக்குப் போயிருந்தது.

ஆகவே கேட்கும் அன்பர்களுக்கு என் விடை: கொடுங்கள், ஆனால் படிப்படியாகக் கொடுங்கள். முதலாண்டில் தாயார் ஓட்டும் நடுத்தரக் காரே போதும். கனடாவில் 2011 செப்ரெம்பர் முதல் புதிய கார்களுக்குச் சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கட்டுப்பாடு கட்டாயம். அதற்கு முந்தியதை மலிவென்று வாங்க வேண்டாம். வலுவான கார் ஏற்கெனவே வீட்டில் நின்றால், உச்ச வேகத்தைத் திறப்பிலேயே மட்டுப்படுத்தும் வசதியை ஃபோர்ட் 2010 மாதிரி முதல் தருகிறது. மின்கார்கள் சிலவற்றில் ஆர்முடுகலையும் தணித்து வைக்கலாம். மழையிலும் இரவிலும் முதற்பனியிலும் தகப்பனார் அருகில் அமர்ந்து ஓட்டுவிக்க வேண்டும். பையன் முணுமுணுப்பான், முணுமுணுக்கட்டும். மற்றொன்று: ஒன்ராறியோவில் வேக வரம்பை 50 கிலோமீற்றர் மீறினால் அவ்விடத்திலேயே காரைப் பறிமுதல் செய்யும் சட்டம் 2007இல் வந்தது; 2021 முதல் அது 14 நாட்கள். கார் தகப்பனாருடையதாயினும் இழுத்துச் செல்லப்படும். அனுமதியோடு கொடுத்த கார் பிறருக்குச் சேதம் விளைவித்தால், உரிமையாளரும் இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு ஊருக்குப் போவோர்க்கும் ஒரு சொல். இலங்கையில் கார் ஓட்டும் வயது 18. ஒன்ராறியோவில் பதினேழு வயதில் ஜி2 எடுத்த பிள்ளை வாணர் பாலத்தில் வாடகைக் காரை ஓட்ட முடியாது. பதினெட்டு நிரம்பியவரும் இலங்கையில் அதற்குரிய அங்கீகாரத்தைப் பெற்றே ஓட்டலாம். வாகனங்கள் அங்கு வீதியின் இடப்பக்கமாக ஓடுவன. பாலத்தின் இருமருங்கும் கடல். ஊரில் சைக்கிள்கள் இன்னமும் உண்டு.