பெருவாத்தியத்துக்குக் குரல் தந்த காந்தம்

மேனாட்டு வாத்தியக் குழுவொன்றின் படத்தைப் பார்த்திருக்கும் நேயர்கள், அதன் பின்வரிசையில் ஆளுயரத்தையும் விஞ்சி நிற்கும் பெரிய தந்தி வாத்தியம் ஒன்றைக் கண்டிருப்பார்கள். அதற்கு டபிள் பேஸ் என்று பெயர். ஏறக்குறைய ஆறடி உயரமும் நான்கு தந்திகளும் உடைய இவ்வாத்தியத்தை வித்துவான் நின்றுகொண்டே அணைத்துப் பிடித்து, வில்லால் இழுத்தோ விரலால் மீட்டியோ வாசிப்பார். சங்கீதம் என்னும் மாளிகைக்கு இதன் நாதமே அத்திவாரம். ஆனால் அத்திவாரம் எவர் கண்ணிலும் படுவதில்லையே! அதுபோலவே இதன் நாதமும் நெடுங்காலம் எவர் காதிலும் படாமலே இருந்துவந்தது. உருவத்திற் பெரியதாகிய இவ்வாத்தியம் ஒலியிற் சிறியதாயிருந்த காரணம் யாது, அக்குறையை ஒரு சிறு காந்தமும் சில ஆயிரம் சுற்றுச் செப்புக் கம்பியும் எவ்வாறு போக்கின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

காரணம் இயற்கையின் விதியிலேயே உள்ளது. டபிள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறக்குறைய 41 தடவை அதிர்கிறது. அவ்வதிர்வு காற்றில் எழுப்பும் அலையின் நீளம் ஏறத்தாழ 27 அடி. இத்தனை நீண்ட அலையை உரத்து எழுப்புவதற்கு ஆறடி மரப்பெட்டி போதாது. மனிதனுடைய செவியும் தாழ்ந்த சுரங்களை உயர்ந்த சுரங்களைப் போல எளிதில் உணர்வதில்லை. ஆகவே வாத்தியமும் குறை சொல்லுகிறது. கேட்பவர் செவியும் குறை கேட்கிறது.

அமைதியான அரங்கில் எட்டுப் பேஸ் வாத்தியங்களை ஒருங்கே நிறுத்தி வாசிக்கும் சாஸ்திரீய வாத்தியக் குழுவில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் நடன மண்டபங்களில் ஜாஸ் சங்கீதம் பரவியபோதுதான் தொல்லை தொடங்கியது. பித்தளைக் குழல்களும் முரசுகளும் முழங்கும் இடத்தில் பேஸ் வித்துவான் தனியொருவராக நின்றார். ஒலிப்பதிவு செய்வோரும் அக்காலத்தில் பேஸை ஒதுக்கிவிட்டு டியூபா என்னும் பெருங்குழலைப் பயன்படுத்துவது வழக்கமாயிருந்தது. பேஸ் வித்துவான்களோ, ஆட்டுக்குடலால் முறுக்கிய தடித்த நரம்பை இழுத்து விரற்பலகையின்மீது அடிபட விட்டு ஒலியெழுப்பினர். இரவு முழுவதும் இவ்வாறு வாசித்தவர்களின் விரல்களிற் கொப்புளம் கண்டது. விரலுக்குத் துணி சுற்றி வாசித்தவர்களும் உண்டு. அத்தனை பாடுபட்டும் மண்டபத்தின் கடைக்கோடியில் ஆடுவோர் அந்நாதத்தைக் காலால் உணர்ந்தார்களேயன்றிக் காதாற் கேட்டார்களில்லை.

இதற்குரிய மருந்து அதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1831இல் மைக்கேல் பரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறுமாயின் அச்சுருளில் மின்சாரம் பிறக்கும் என்று காட்டினார். நிலைத்த காந்தமொன்றைச் சுற்றிக் கம்பிச் சுருளை அமைத்து, அதற்கு அண்மையில் உருக்குத் தந்தியொன்றை அதிரச் செய்வோமாயின், தந்தி அசையுந்தோறும் காந்தப்புலமும் அசையும். தந்தி செக்கனுக்கு 41 தடவை அதிர்ந்தால் சுருளிற் பிறக்கும் மின்னோட்டமும் 41 தடவை ஏறியிறங்கும். அந்த நுண்ணிய மின்னோட்டத்தை வால்வுகள் கொண்ட கருவியாற் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நாதம் பேரொலியாகும். நேயர்களின் வானொலிப் பெட்டியில் உள்ள ஒலிபெருக்கியிலும் காந்தமும் சுருளுமே இருக்கின்றன. அங்கே மின்சாரம் அசைவாகிறது. இங்கே அசைவு மின்சாரமாகிறது. தந்தியின் கீழ் அமைக்கும் இச்சிறு கருவிக்குப் பிக்கப் என்று பெயர்.

இவ்வுண்மையை வாத்தியத்திற் பொருத்திப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் அல்லர், வாத்தியக்காரரும் கைவினைஞருமே. லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஜோர்ஜ் போஷாம் என்னும் ஹவாய் கிற்றார் வித்துவான் இருந்தார். அவர் ஒரு மரச்சட்டத்தில் ஒற்றைத் தந்தியைக் கட்டி, கிராமபோன் பெட்டியொன்றின் பிக்கப்பை அதிற் பொருத்தித் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார். பின்னர் குதிரை லாட வடிவான இரண்டு காந்தங்களுக்கு இடையே தந்திகள் செல்லுமாறு ஒரு கருவியை அமைத்தார். அதற்கு வேண்டிய சுருளைச் சுற்றுவதற்கு அவர் பயன்படுத்தியது வீட்டுச் சலவை இயந்திரத்தின் மோட்டர் என்பர். கருவி சித்தியடைந்ததும், ஹரி வாட்சன் என்னும் தொழிலாளி அரத்தையும் சிறு கைக்கருவிகளையும் கொண்டு சில மணி நேரத்தில் அதற்கு மரத்தால் உடல் செதுக்கிக் கொடுத்தார். 1931இல் பிறந்த அந்த வாத்தியத்தின் வழிவந்த அலுமினியக் கிற்றார், அடோல்ப் ரிக்கன்பாக்கரின் துணையுடன் 1932இல் விற்பனைக்கு வந்தது. வட்டமான உடலும் நீண்ட கழுத்தும் உடைய அதனை மக்கள் பொரிக்குஞ்சட்டி என்றே அழைத்தனர். போஷாம் 1934இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இக்கருவி உண்மையில் இயங்குமா என்று அதிகாரிகள் ஐயுறவே, வித்துவான்களை வாஷிங்டனுக்கு அனுப்பி அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்ட நேர்ந்தது. உரிமை கிடைத்தது 1937இல்.

கிற்றாருக்குக் கிடைத்த குரல் பேஸுக்கும் கிடைக்கவேண்டுமல்லவா? 1936 அளவில் ரிக்கன்பாக்கர் நிறுவனம் மின்பேஸ் ஒன்றை வெளியிட்டது. அதில் மரப்பெட்டியே இல்லை. மெல்லிய தண்டொன்று பெருக்கிக் கருவியின்மேல் நிமிர்ந்து நின்றது. அதே காலத்தில் சியாற்றில் நகரில் போல் டட்மார்க் என்னும் சங்கீத ஆசிரியரும் இம்முயற்சியில் இறங்கினார். அவரைத் தூண்டிய காரணம் மனத்தைத் தொடுவது. ஊர் ஊராகச் சென்று வாசிக்கும் குழுவில் மற்றவர்கள் ஒரே காரில் கூடிப் பேசிச் சிரித்துப் பயணம் செய்வர். பேஸ் வித்துவானோ, வாத்தியத்தைக் காரில் ஏற்றிய பின்னர் தாம் அமர்ந்து ஓட்டுவதற்கு மட்டுமே இடம் மிஞ்சுவதால், எப்பொழுதும் தனியே செல்வார். அவர்மீது தந்தை கொண்ட இரக்கமே மின்பேஸுக்கு வித்திட்டது என்று டட்மார்க்கின் மகன் பிற்காலத்திற் கூறியிருக்கிறார். டட்மார்க் முதலில் செலோ வாத்தியத்தின் அளவில் ஒன்றைச் செய்தார், அது பாரமாயிருந்தது. பின்னர் 1936 அளவில், கிற்றாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கக்கூடிய சிறிய மின்பேஸை ஓடியோவொக்ஸ் என்னும் பெயரில் விற்றார். வாங்கியோர் சிலரே. காலம் கனியவில்லை.

கையிலுள்ள பழைய பேஸை விட மனமில்லாதவர்கள் அதற்கே பிக்கப் செய்து பூட்ட முயன்றனர். அவ்வேலையின் நுட்பம் அறியத்தக்கது. இரண்டு சிறு தகடுகளுக்கு இடையே காந்தங்களை நிறுத்தி, அவற்றைச் சுற்றித் தலைமயிரிலும் மெல்லிய, எனாமல் பூசிய செப்புக் கம்பியைப் பல்லாயிரம் தடவை சுற்றவேண்டும். கை சற்று இறுகினால் கம்பி அறும். தளர்ந்தால் சுற்றுக்கள் அசைந்து கீச்சிடும். அதனால் சுற்றி முடித்த சுருளை உருக்கிய மெழுகில் தோய்த்தெடுப்பர். அடுத்து, பேஸின் தந்திகள் கிற்றாரின் தந்திகளைப் போல ஒரே மட்டத்தில் இருப்பதில்லை; வில் தனித்தனியே தீண்டுவதற்காக வளைந்த பாலத்தின்மேல் வில்வடிவாக அமைந்துள்ளன. ஆகவே காந்தங்களும் அவ்வளைவைப் பின்பற்றியே உயர்ந்தும் தாழ்ந்தும் நிற்கவேண்டும். காந்தம் தந்திக்கு அதிகம் அண்மையில் இருந்தால் தந்தியையே இழுத்துச் சுரத்தைக் கெடுக்கும். அதிகம் விலகினால் ஒலி மெலியும். விரற்பலகையின் முடிவில் வைத்தால் நாதம் தடித்து வரும். பாலத்தின் அருகில் வைத்தால் மெலிந்து வரும். இத்தனையும் சரியாக அமைந்தாலும், வீட்டு மின்சாரத்தின் இரைச்சலையும் அச்சுருள் சேர்த்தே வாங்கிக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் பெரிய தடை தந்தியே. காந்தத்துக்கு உருக்கைத் தெரியும். ஆட்டுக்குடல் நரம்பைத் தெரியாது. நரம்பு கட்டிய பேஸின் கீழ் எத்தனை சிறந்த காந்தத்தை வைத்தாலும் அது ஊமையே. ஆகவே பிக்கப் வேண்டுமென்றவர் உருக்குத் தந்திக்கு மாறவேண்டியவரானார். நரம்பின் மென்மையான, உடனே அடங்கும் நாதம் போய், நீண்டு நிற்கும் கூரிய நாதம் வந்தது. தம் குரல் பிறர் காதில் விழவேண்டுமாயின் தம் குரலையே மாற்றவேண்டும் என்னும் நிலை வித்துவானுக்கு ஏற்பட்டது. இதை ஏற்றோரும் உண்டு, மறுத்தோரும் உண்டு.

மறுத்தோருக்கு வேறொரு வழி காட்டியவர் நியூயோர்க்கில் வாழ்ந்த எவரெட் ஹல். அவரும் பேஸ் வாசிப்பவரே. பேஸின் அடியில் தரையில் ஊன்றும் முளையினூடாக ஒலிவாங்கி ஒன்றை வாத்தியத்தின் வயிற்றுக்குள் நிறுத்தும் முறைக்கு அவர் 1946இல் காப்புரிமை கோரினார். ஒலிபெருக்கும் முளை என்னும் பொருள்படவே அவருடைய நிறுவனத்துக்கு அம்பெக் என்று பெயர் வந்தது. இம்முறையில் நரம்பும் ஒலிக்கும், மரமும் ஒலிக்கும். ஆனால் ஒலிவாங்கிக்கு ஒரு குறை உண்டு. ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஓசை மரப்பெட்டியை அதிரச் செய்ய, அதை ஒலிவாங்கி மீண்டும் ஏற்க, சுற்றிச் சுற்றி வளர்ந்து இறுதியில் ஊளையாக முடியும். காந்தப் பிக்கப் காற்றின் ஓசையைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. தந்தியின் அசைவையே கவனிக்கும். உரத்து வாசிப்போர் அதனை நாடியதற்குக் காரணம் இதுவே.

1951இல் கலிபோர்ணியாவின் லியோ பெண்டர் வெளியிட்ட மின்பேஸ் இவ்வழக்குக்கு ஒருவகைத் தீர்ப்புச் சொல்லியது. தோளில் மாட்டி வாசிக்கத்தக்க அந்தச் சிறு வாத்தியத்தில் சுரத்தானங்களைக் காட்டும் மெட்டுக்கள் பதிக்கப்பட்டிருந்தன. ஆதலின் அதற்குத் துல்லிய பேஸ் என்று பெயரிட்டனர். லயனல் ஹம்ப்டனின் குழு அதனை மேடையேற்றியது. 1952இல் டவுன் பீற் என்னும் சஞ்சிகை அதைப்பற்றி எழுதியது. டட்மார்க்கின் கனவு மற்றொருவர் கையால் நனவாயிற்று. வித்துவான் இனி மற்றவர்களுடன் ஒரே காரில் அமரலாம். ஆனால் நடன மண்டபங்களிலிருந்து பழைய பெருவாத்தியம் மெல்ல மெல்ல விலகியது.

எனினும் அது மறைந்துவிடவில்லை. ஜாஸ் வித்துவான்கள் அதனைக் கைவிடவில்லை. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த பளிங்கு மின்சாரத் தத்துவத்தைப் பயன்படுத்தி, பாலத்தின் அதிர்வை நேரே ஏற்கும் பிக்கப்புகள் பின்னர் வந்தன. அவை நரம்புத் தந்தியையும் ஒலிக்கச் செய்தன. ஆயினும் பேரொலி எழுப்பும் ரொக்கபிலி முதலிய குழுக்களில் ஊளைக்கு அஞ்சாத காந்தப் பிக்கப்புக்கு இன்றும் மதிப்பு உண்டு. இரண்டையும் ஒருங்கே பூட்டி, காந்தத்திலிருந்து சுரத்தையும் மற்றதிலிருந்து மரத்தின் ஓசையையும் பெற்றுக் கலந்து வாசிப்போரும் உளர். கையாற் சுருள் சுற்றித் தம் வாத்தியத்துக்கேற்ற பிக்கப்பைத் தாமே செய்துகொள்வோர் இன்றும் இருக்கின்றனர்.

இவ்வரலாறு உணர்த்துவது யாது? கருவி ஒவ்வொன்றும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. காந்தம் பேஸுக்கு உரத்த குரலைக் கொடுத்தது. நரம்பின் மென்மையை விலையாக வாங்கியது. அந்த விலை தகுமா என்பதை விஞ்ஞானி தீர்மானிக்க முடியாது. வாசிப்பவரும் கேட்பவருமே தீர்மானிக்கவேண்டும். இனி மேனாட்டுச் சங்கீதம் ஒலிக்கும்போது, குழல்களுக்கும் குரல்களுக்கும் அடியில் நடைபோடும் அந்தத் தாழ்ந்த நாதத்துக்குச் சற்றே செவிகொடுங்கள். மரம் பேசுகிறதா, காந்தம் பேசுகிறதா என்பதை உங்கள் செவியே உங்களுக்குச் சொல்லிவிடும்.