வாவியின் அதிசயமும் கோயிலின் அற்புதமும்

ஐரோப்பிய மத்திய கால இலக்கியங்களிலே மலிந்து கிடக்கும் அமானுஷ்யச் செய்திகளையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டி ஒதுக்குவோர், அக்காலத்தவரே அவற்றை வகைப்படுத்தி ஆராய்ந்தனர் என்பதை மறந்துவிடுகின்றனர். நான்காம் ஒற்றோ சக்கரவர்த்தியின் பொருட்டு 1215-ஆம் ஆண்டையொட்டி இலத்தீனிலே பெருநூலொன்று தொகுத்த தில்பரி ஜேர்வாஸ், இயற்கையைக் கடந்து தெய்வ சித்தத்தால் நிகழ்வது அற்புதம் என்றும், இயற்கைக்கு உட்பட்டதேயாயினும் அதன் காரணம் நம் அறிவுக்கு எட்டாமையால் வியக்கப்படுவது அதிசயம் என்றும் பிரித்துரைத்தார். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கையும் மருட்கைக்கு நிலைக்களமாக்கி, அறிவு சென்று தெளியாவிடத்தே அது பிறக்குமெனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிற் கூறியதைக் கற்ற நமக்கு இப்பாகுபாடு அந்நியமன்று.

மட்டக்களப்பிலே கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவற்குடாவில் இருந்து நோக்குவோர்க்கோ அதிசயம், அற்புதம் ஆகிய இவ்விரண்டும் அண்டை அயலில் உள்ளவையே. காற்றடங்கிய நிலாக்காலத்து இரவிலே, கல்லடிப் பக்கமாகத் தோணியைச் செலுத்தி நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீருள் அமிழ்த்தி மறுநுனியைக் காதோடு ஒற்றினால், யாழ் நரம்பொன்றை மெல்ல வருடினாற்போன்ற ஒலி மரத்தின் வழியே ஏறிவரும். பாடுமீன் என்று ஊரார் சொல்வது இதனையே. 1848-இல் இங்கு வந்து அதனைக் கேட்ட ஆங்கில ஆட்சிக்கால அதிகாரி எமர்சன் தெனந்து, ஈரவிரலால் விளிம்பைத் தேய்த்த கண்ணாடிக் கிண்ணத்தின் அதிர்வோடு அதனை ஒப்பிட்டார். ஒலிக்கும் உயிர் இதுவேயென்று மீனவர் அவருக்குக் கொணர்ந்து காட்டியது ஊரி என்னும் நத்தையை! எழுத்தறிவில்லாதவர் என்று எண்ணப்பட்ட அம்மக்கள் பேயையோ தேவதையையோ துணைக்கழையாமல், சேற்றில் ஊரும் சிற்றுயிரிலே காரணம் தேடினர் என்பது என் வாதத்துக்கு மூலாதாரமானது.

அதே மக்கள், வாவிக்கு அப்பாற்பட்ட கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் ஆலயத்திலே, பறங்கியர் முன் கல்நந்தி எழுந்து புல்லுண்டு சாணமிட்ட வரலாற்றைச் சொல்லும்போது காரணம் எதனையும் நாடுவதில்லை. அது சிவபெருமானின் செயல். ஒன்றை ஆராய்கின்றனர், மற்றொன்றை வணங்குகின்றனர்.

ஐரோப்பாவிலோ நீரின் அதிசயம் இத்துணை அமைதியாக இருக்கவில்லை. நீராடுகையிலே கணவன் விலக்கை மீறிப் பார்த்ததும் பாம்பாகி நீருள் மறைந்த மனைவியின் கதையை ஜேர்வாஸே கூறுகின்றார். அவ்வகைக் கதையே 1393-ஆம் ஆண்டளவில் ழான் தாராஸ் எழுதிய மெலுசின் காதையில் விரிவு பெற்றது. இயற்கை மீறிய எதனைக் கண்டாலும் இது தேவனுடையதோ சாத்தானுடையதோ என்று வினவ வேண்டிய கட்டாயம் அங்கிருந்தமையால், நீர்மகளுக்கு ஒரு விலக்கும், அதன் மீறலும், பிரிவுத் துயரும் வந்து சேர்ந்தன என்பது என் துணிபு. அவ்வினா எழாத மட்டக்களப்பு வாவியிலே அந்த ஒலி குற்றமும் தண்டனையும் ஏற்காது இசையாகவே நின்றது.

1947-இல் வெளிவந்த யாழ்நூலில் அவ்விசைக்கு உருவம் தந்தவர் விபுலாநந்த அடிகள். நிலவொளியிலே பாலை பாடும் நீரரமகளிரை அந்நூலிலே உலவவிட்டவர், அதே நூலிலேயே பாலைகளின் நரம்புகளை அலகு அலகாகக் கணித்து அளந்தும் காட்டினார்.