'வரும்' என்ற சொல்லின் தர்க்கம்

எங்க ஆயக்குடிப் பக்கத்துக் கொய்யாத் தோட்டங்களில் "த்ரீ ஃபேஸ் எப்போ வரும்?" என்று கேட்டால் மூன்று விதமாகப் பதில் வரலாம். "வரும்ப்பா." "ராத்திரி பத்து மணிக்குள்ள வந்துரும்." "பத்து நாள்ல ஒம்பது நாள் பத்து மணிக்குள்ள வந்துரும்." முதல் பதிலை யாராலும் பொய்யாக்க முடியாது. எத்தனை நாள் காத்திருந்தாலும் "இன்னும் வரல, ஆனா வரும்" என்று சொல்லிவிடலாம். மூன்றாவதை எண்ணிப் பார்க்கலாம். கணினியியலின் தர்க்கம் முதல் பதிலிலிருந்து மூன்றாவதற்கு வந்துசேர 17 ஆண்டுகள் ஆயின.

நியூசிலாந்துத் தத்துவவாதி ஆர்தர் பிரையர் 1950களில் காலத்துக்கான ஒரு தர்க்கத்தை அமைத்தார். 'எப்போதும்', 'என்றாவது' போன்ற சொற்களுக்கு அதில் குறிகள் உண்டு. 1977-ல் இஸ்ரேலின் அமீர் ப்னுவேலி அதை நிரல்களுக்குக் கொண்டுவந்தார். ஆபரேட்டிங் சிஸ்டம் மாதிரி முடிவில்லாமல் ஓடும் நிரலிடம் 'விடை சரியா?' என்று கேட்டுப் பயனில்லை; 'கேட்டவருக்கு என்றாவது கிடைக்குமா?' என்றுதான் கேட்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளார்க்கும் எமர்சனும், பிரான்ஸில் கேயும் சிஃபாகிஸும் அந்தச் சரிபார்ப்பு வேலையை இயந்திரத்திடமே ஒப்படைத்தார்கள்.

இதில் சென்னைக்கும் பங்கு உண்டு. கமல் லோதயா, ஆர். ராமானுஜம், பி.எஸ். தியாகராஜன் மூவரும் 1992-ல் வெளியிட்ட கட்டுரை, தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ளும் பல நிரல்களுக்கான காலத் தர்க்கத்தைப் பேசியது. அங்கே எல்லோருக்கும் பொதுவான கடிகாரம் கிடையாது. வந்துசேர்ந்த செய்தி அளவுக்குத்தான் ஒருவர் இன்னொருவரை அறிவார். 'எப்போது' என்று கேட்பதற்கு முன் 'யாருடைய கணக்கில்' என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1994-ல் ஸ்வீடனின் ஹான்சனும் யோன்சனும் காலக்கெடுவையும் நிகழ்தகவையும் ஒரே சூத்திரத்துக்குள் வைத்தார்கள். 'கேட்டால், 2 நொடிக்குள், குறைந்தது 98 சதவீத வாய்ப்போடு கிடைக்கும்' என்பதை எழுதவும் சரிபார்க்கவும் முடிந்தது.

என் தொழிலில் தினமும் கேட்கிற வாக்குறுதி '99.9 சதவீதம் இயங்கும்' என்பது. 30 நாள் மாதத்தில் இது சுமார் 43 நிமிட நிறுத்தத்தை அனுமதிக்கிறது. தினம் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக நின்றாலும் கணக்கு சரிதான், ஒரே இரவில் 43 நிமிடம் சேர்ந்து நின்றாலும் சரிதான். ஆனால் அந்த இரவில் ஆம்புலன்ஸுக்கு அழைத்தவருக்கு இரண்டும் ஒன்றல்ல. சராசரி மறைப்பதைக் காலக்கெடு காட்டிக்கொடுக்கும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நிரூபணம் நாம் எழுதிய மாதிரிக்குத்தான், நிஜ வயருக்கு அல்ல. பழுதாகும் விகிதத்தைக் குறைத்து எழுதினால், பிசகில்லாத தர்க்கமே பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடும். அதனால் 'நம்பகமானது' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள்: எவ்வளவு நேரத்துக்குள், நூற்றுக்கு எத்தனை முறை, எதை நம்பி இந்தக் கணக்கு? பதில் இல்லையென்றால் நஷ்டம் காத்திருப்பவருக்குத்தான்.