மெய்நிகர் இயந்திர வலையமைப்பு

மெய்நிகர் இயந்திர வலையமைப்பு என்பது கணினியொன்றினுள் மென்பொருளால் உருவாக்கப்படும் மெய்நிகர் இயந்திரத்தைப் பிற கணினிகளுடனும் இணையத்துடனும் இணைக்கும் முறையாகும். மெய்நிகர் இயந்திரத்தைத் தாங்கும் கணினி ஓம்புநர் கணினி எனவும், அதனுள் இயங்குவது விருந்தினர் இயங்குதளம் எனவும் அழைக்கப்படும். இதற்கான மென்பொருட்களில் வி.எம்.வேர் வொர்க்ஸ்டேசன் 1999 ஆம் ஆண்டிலும் வேர்ச்சுவல்பாக்ஸ் 2007 ஆம் ஆண்டிலும் வெளியாயின. மடிக்கணினியில் உள்ள மெய்நிகர் இயந்திரம் ஓர் அலுவலகத்தில் சீராக இயங்கி, மற்றோர் அலுவலகத்தில் இணைப்பை இழப்பதுண்டு. பெரும்பாலும் இதற்குக் காரணம் தேர்ந்தெடுத்த இணைப்பு முறையே ஆகும்.

இணைப்பு முறைகள்

* பால முறை (பிரிட்ஜ்): விருந்தினர் இயங்குதளம் தனக்கென மேக் முகவரி கொண்டு, அலுவலக வலையமைப்பில் தனியொரு கணினியாகத் தோன்றும். ஐபி முகவரியை அவ்வலுவலகத்தின் டி.எச்.சி.பி. வழங்கியிடம் இருந்து பெறும்.
* நாட் முறை: விருந்தினர் இயங்குதளம் ஓம்புநர் கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைந்திருக்கும். வேர்ச்சுவல்பாக்ஸில் இதன் இயல்பிருப்பு முகவரி 10.0.2.15, நுழைவாயில் 10.0.2.2 ஆகும். வெளியில் இருந்து இதனை அணுகத் துறை முன்னனுப்பல் தேவை.
* ஓம்புநர் மட்டும்: ஓம்புநர் கணினிக்கும் விருந்தினருக்கும் இடையில் மட்டுமே தொடர்பு இருக்கும். இணைய இணைப்புக் கிடையாது.

அலுவலகம் மாறும்போது

எடுத்துக்காட்டாக, ஒரு நிறுவனத்தின் சேலம் அலுவலகம் கம்பிவழி இணைப்பில் 192.168.1.0/24 முகவரிகளையும், சேர்வராயன் மலையில் ஏற்காட்டிலுள்ள அதன் கிளை கம்பியற்ற இணைப்பில் 192.168.5.0/24 முகவரிகளையும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். பால முறையில் உள்ள இயந்திரத்திற்கு சேலத்தில் 192.168.1.50 என நிலையான முகவரி கொடுத்திருந்தால், ஏற்காட்டில் அதன் நுழைவாயில் இராது. பாலம் கம்பிவழி அட்டையுடன் பிணைக்கப்பட்டிருந்தால், அதனைக் கம்பியற்ற அட்டைக்கு மாற்றாதவரை இணைப்புக் கிடைக்காது.

கம்பியற்ற அணுகுபுள்ளி, தன்னிடம் பதிவுசெய்த மேக் முகவரியில் இருந்து வரும் தரவுகளையே பொதுவாக ஏற்கும். எனவே மெய்நிகராக்க மென்பொருள் முகவரியை மாற்றி எழுத வேண்டும். இது எல்லா வலையமைப்புகளிலும் வெற்றி பெறுவதில்லை. சில அலுவலகங்களில் நிலைமாற்றியின் ஒரு துறைக்கு ஒரு மேக் முகவரி மட்டுமே அனுமதிக்கப்படும். அங்கு வலையமைப்பு நிர்வாகியின் அனுமதி தேவை.

நாட் முறையிலும் முகவரி மோதல் நேரலாம். 1996 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1918 ஆவணம் ஒதுக்கிய தனியார் முகவரிகளை எவரும் பயன்படுத்தலாம். அலுவலக வழங்கியும் 10.0.2.0/24 இல் இருந்தால், விருந்தினர் அதனைத் தன் உள் வலையமைப்பிலேயே தேடும். தரவு வெளியே செல்லாது. நாட் முறையின் முகவரி வரம்பை மாற்றுவதே இதற்குத் தீர்வு.

சிக்கலைக் கண்டறிதல்

1. முதலில் ஓம்புநர் கணினியின் இணைப்பைச் சோதிக்க வேண்டும்.
2. விருந்தினரின் முகவரி 169.254 எனத் தொடங்கினால், டி.எச்.சி.பி. வழங்கியிடம் இருந்து முகவரி கிடைக்கவில்லை எனப் பொருள்.
3. ஐபி முகவரி மூலம் இணைப்புக் கிடைத்து, பெயர் மூலம் கிடைக்காவிடின், பழைய அலுவலகத்தின் டி.என்.எஸ். அமைப்பு மாறாமல் இருக்கலாம்.
4. நாட் முறைக்கு மாற்றியதும் இணைப்புக் கிடைத்தால், பிழை பால அமைப்பிலோ அலுவலகக் கட்டுப்பாட்டிலோ உள்ளது.
5. ஒரே இயந்திரத்தின் இரு நகல்கள் ஒரே மேக் முகவரியுடன் இயங்கினால், ஒன்றிற்குப் புதிய முகவரி உருவாக்க வேண்டும்.

இடம் மாறும் மடிக்கணினிகளுக்கு நாட் முறையே பொதுவாகப் பொருத்தமானது. பிற கணினிகள் விருந்தினரை நேரடியாக அணுக வேண்டிய இடங்களில் பால முறை பயன்படும்.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகராக்கம்
* ஐபி முகவரி