ஒன்றரை ஷிப்ட்: திருப்பூரில் காலமும் தூக்கமும்

சிந்தனையின் வரலாற்றை எழுதியவர்கள் நம்மிடம் உண்டு. தூக்கத்தின் வரலாற்றை எழுதியவர்கள் அநேகமாக இல்லை. தூக்கம் உடம்பின் சமாச்சாரம், சிந்தனை மனசின் சமாச்சாரம் என்கிற பழைய எதிர்மறையே இதற்குக் காரணம். ஆனால் ஒருவன் எப்போது தூங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிற அதிகாரம், அவன் எப்போது யோசிக்கலாம் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிடுகிறது. இதைப் பேசுவதற்குத் திருப்பூரைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை.

தொல்காப்பியப் பொருளதிகாரம் பொழுதை நிலத்தோடும் உணர்வோடும் சேர்த்துக் கட்டுகிறது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, பாலைக்கு நண்பகல். மக்கள் அப்படியே வாழ்ந்தார்கள் என்பதற்கு இது ஆதாரமல்ல. இது கவிதை இலக்கணம். ஆனாலும் ஒவ்வொரு பொழுதும் வேறு வேறு மனநிலையைக் கொண்டது, ஒன்றுக்கு இன்னொன்றை மாற்றிவைக்க முடியாது என்கிற புரிதல் அதில் இருக்கிறது. மின்சார மோட்டார் வருவதற்கு முந்தைய கொங்கு வேளாண்மையும் இதை அறிந்திருந்தது. கோழி கூப்பிடும்போது கவலை இறைக்க எழுந்தவர்கள் உச்சி வெயிலில் கண்ணசந்தார்கள். ஐரோப்பாவிலும் தொழிற்புரட்சிக்கு முன்பு இரவுத் தூக்கம் இரண்டு தவணையாக இருந்தது, நடுவில் விழித்திருந்து பேசினார்கள், பிரார்த்தித்தார்கள், கனவுகளை அசைபோட்டார்கள் என்று ரோஜர் எக்கிர்ச் 2001இல் எழுதினார்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவை வட்டாரத்துக்கு வந்தது. ராத்திரியும் வேலைநேரம்தான் என்றாயிற்று. ஈ.பி. தாம்ப்ஸன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலையை ஒட்டி நகர்ந்த காலம் கடிகாரத்தை ஒட்டி நகரும் காலமாக மாறியதை விவரிக்கிறது. அந்தச் சட்டகத்தைத் திருப்பூர்மேல் அப்படியே கவிழ்த்துவிட முடியாது. மில்லின் சங்குக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பனியன் கம்பெனியின் காலமோ கடிகாரம், பீஸ் ரேட், ஷிப்மெண்ட் தேதி ஆகிய மூன்றும் சேர்ந்து முறுக்கிய நூல். ஷிப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஆனால் ஊரின் நடைமுறை ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம். ஆர்டர் நெருக்கினால் முழு ராத்திரியும் உண்டு. ஆர்டர் இல்லாத மாதத்தில் வேலையே இல்லை. இங்கே உடம்பு கடிகாரத்துக்குக்கூடப் பழக முடியாது. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வகுத்த வாரம் 48 மணி நேரம் என்பது பெரும்பாலும் காகிதத்தில்தான் இருந்தது.

இதனால் இழக்கப்படுவது ஓய்வு மட்டும்தானா? 2004இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் புதிரைக் கொடுத்தார்கள். அதற்குள் ஒரு குறுக்குவழி ஒளிந்திருந்தது. இடையில் தூங்கி எழுந்தவர்களில் அதைக் கண்டுபிடித்தவர்களின் விகிதம், விழித்திருந்தவர்களைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆக, தூக்கத்தைச் சிந்தனை நின்றுபோகும் இடம் என்று சொல்ல முடியாது. அது சிந்தனையின் ஒரு பகுதி. உடம்பின் நாள்சுழற்சியைக் குலைக்கும் ஷிப்ட் வேலை புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் வகைப்படுத்தியது. நோயைப் பற்றியாவது பேச ஆளிருக்கிறது. பறிபோன குறுக்குவழிகளுக்கு யார் கணக்கு வைப்பது?

இந்த இடத்தில் தியானம் வருகிறது. கொங்குப் பகுதியில் வேரூன்றிய மனவளக்கலையை வகுத்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) கூடுவாஞ்சேரி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். ஆழியாறு அறிவுத் திருக்கோயில் 1984இல் நிறுவப்பட்டது. அதே 1984இல்தான் திருப்பூர்த் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தற்செயல்தான். ஆனாலும் குலைந்த வாழ்வுக்கு முன்வைக்கப்பட்ட இரண்டு பதில்களாக இவற்றைச் சேர்த்து வாசிக்கலாம். ஒன்று மூச்சையும் மனத்தையும் ஒழுங்குபடுத்தச் சொல்கிறது. மற்றது மெஷினை நிறுத்துகிறது. தியானத்தை நான் கேலி செய்யவில்லை. தாயுமானவர் பாடிய ‘சும்மா இருத்தல்’ லேசான விஷயமல்ல. ஆனால் பன்னிரண்டு மணி நேரம் ஓவர்லாக் மெஷின்முன் உட்கார்ந்தவனிடம் ‘மனசை அடக்குப்பா’ என்று சொல்லும்போது, காலத்தின் பிரச்சினை தனிமனிதனின் பிரச்சினையாக உருமாற்றப்படுகிறது. சும்மா இருப்பதற்கும் நேரம் வேண்டுமே.

ழாக் ரான்சியேர் 1981இல் வெளியிட்ட ‘தொழிலாளிகளின் இரவுகள்’ என்ற நூல் வேறொரு சாத்தியத்தைக் காட்டுகிறது. 1830களின் பிரெஞ்சுத் தொழிலாளிகள் தூங்க வேண்டிய இரவில் கவிதை எழுதினார்கள், பத்திரிகை நடத்தினார்கள். உழைப்பவன் உழைக்க, யோசிப்பவன் யோசிக்க என்கிற பிரிவினையை அந்த இரவுகள் உடைத்தன. திருப்பூரிலோ அந்த இரவையும் கம்பெனி வாங்கிக்கொண்டது. இந்த ஊரைப் பற்றிய எம். கோபாலகிருஷ்ணனின் நாவலுக்கு ‘மணற்கடிகை’ (2004) என்று பெயர் அமைந்தது எனக்கு அர்த்தமுள்ளதாகப் படுகிறது.

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் சட்டத்திருத்தம் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்புக்குப் பின் நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால் திருப்பூர் பல பத்தாண்டுகளாகவே அந்தத் திருத்தத்துக்குள்தான் வாழ்ந்துகொண்டிருந்தது. சட்டம் திரும்பிப் போனதாலேயே நடைமுறை திரும்பிப் போய்விடாது. எட்டு மணி நேர வேலை என்கிற பழைய முழக்கத்தின் பாதியைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் மறுபாதி எட்டு மணி நேரத் தூக்கம், எட்டு மணி நேரம் நம் இஷ்டம். கூலியைப்போலவே இதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.